ஓய்வு பெற்ற விளையாட்டு வீரர் பெயரில் பகடிப் பதிவு போடலாமா?

போடலாம். பகடி என்பது ஒரு பிரபலத்தின் பேச்சையும் பழக்கத்தையும் மிகைப்படுத்தி, அவரே எழுதியது போலச் சிரிக்க எழுதுவது. ஆனால் அவர் எழுதியதில்லை என்று படித்தவுடனே தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். மேடையில் மிமிக்ரி செய்தால் கைதட்டுவோம், அதே குரலில் போனில் பணம் கேட்டால் அது மோசடி.

எக்ஸ் தளம் 2025 ஏப்ரல் முதல் பகடி என்ற அடையாளச் சொல்லைக் கணக்குப் பெயரின் தொடக்கத்திலேயே போடச் சொல்கிறது, அசல் ஆளின் அதே முகப்புப் படமும் கூடாது. பெயர் நீளமாக இருந்தால் கைப்பேசித் திரையில் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும், சுயவிவரத்தைத் திறந்து பார்ப்பவர்களும் குறைவு, அதனால்தான் இந்த விதி.

அப்புறம், ‘ஓய்வு பெற்றவர்தானே, பொதுச்சொத்து மாதிரி’ என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ஓய்வு பெற்றது ஆட்டத்திலிருந்து மட்டும்தான், விளம்பரமும் வர்ணனையும் இன்றும் அந்தப் பெயரை நம்பித்தான் நடக்கின்றன.