பேட்டன்ட் வேலைக்கு வக்கீல் படிப்பு எதற்கு?

வணக்கம் அம்மா. எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்த உங்கள் பெண் ‘பேட்டன்ட் லைனுக்குப் போகிறேன்’ என்கிறாள். ‘அதற்கு இன்னும் மூன்று வருஷம் சட்டம் படிக்கணுமாமே, பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

யார் சொன்னார்களோ, தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பேட்டன்ட் என்பது ஒரு கண்டுபிடிப்புக்கு அரசு தரும் காப்புரிமை. மற்றவர்களுக்காக அதற்கு விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்பவர்தான் பேட்டன்ட் ஏஜென்ட். அப்படி ஆவதற்கு 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் ஒரு பட்டம், ஏஜென்ட் தேர்வில் தேர்ச்சி. பி.ஏ., பி.எல். முடித்தவர் அந்தத் தேர்வை எழுதவே முடியாது. உங்கள் பெண் எழுதலாம்.

அப்படி என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது ஏற்கெனவே உலகில் எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். பிறகு விண்ணப்பம் எழுத வேண்டும். இதில்தான் கை தேர்ந்தவர்களுக்கு மதிப்பு. விண்ணப்பத்தின் உயிர், எதன் மீது உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் ‘கிளெய்ம்’ எனப்படும் பகுதி. அதில் ‘உலோகத் தகடு’ என்று எழுதினால், போட்டியாளர் பிளாஸ்டிக் தகடு போட்டுத் தப்பிவிடுவார். வெறும் ‘தகடு’ என்று எழுதினால், ‘இது பழசுதானே’ என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் மடக்குவார். இரண்டுக்கும் நடுவில் சொல்லைப் பிடிப்பதற்குத்தான் சம்பளம்.

தாக்கல் செய்த விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்து அரசு இதழில் வெளியாகும். பரிசோதிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 31 மாதம்தான் கெடு. பரிசோதகர் ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார், ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தேறினால் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு உரிமை. உயிரியல், மருந்து விண்ணப்பங்களில் இந்தப் பதில் எழுதும் வேலை கடினம். நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் கிளிவெக் புற்றுநோய் மருந்து விண்ணப்பத்தை நிராகரித்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகம்தான், 2006-ல். 2013-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பாடம் தெரிந்த ஆள் தேவைப்படுவது இங்கேதான்.

டிரேட்மார்க், டிசைன், காப்பிரைட் எல்லாம் தனித்தனிச் சட்டங்கள். டிரேட்மார்க் ஏஜென்ட் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதால் அங்கே போட்டி வேறு மாதிரி. அவளுடைய படிப்புக்கு அது இரண்டாம்பட்சம்.

இனி நடைமுறை. ஏஜென்ட் தேர்வில் தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், பிறகு 50 மதிப்பெண்ணுக்கு நேர்காணல். ஒவ்வொரு தாளிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். சட்டத் தாளை மனப்பாடம் காப்பாற்றும். விண்ணப்பம் எழுதும் தாளைக் காப்பாற்றாது. இன்னொன்று, இந்தத் தேர்வு வருஷா வருஷம் நடப்பதில்லை. அறிவிப்புக்காக வீட்டில் உட்கார வைக்காதீர்கள். பேட்டன்ட் தேடல் செய்யும் நிறுவனத்திலோ சட்ட நிறுவனத்திலோ பயிற்சியாளராகச் சேரட்டும். அரசுப் பரிசோதகர் பணிக்கும் அறிவியல் முதுகலை செல்லும், ஆனால் அந்த அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். பெரிய தொகை கட்டி கோச்சிங் சேர்க்கும் முன் ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ நடத்தும் அகாடமியின் இலவச அறிமுகப் பாடத்தை முடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘பணம் கட்டுங்கள், உங்கள் பெயரில் பேட்டன்ட் வாங்கித் தருகிறோம்’ என்று கல்லூரிப் பக்கம் சுற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் காட்டுவது பெரும்பாலும் இதழில் ‘வெளியானது’ என்ற நிலையைத்தான். கைவிடாத விண்ணப்பம் அநேகமாக எல்லாமே அப்படி வெளியாகும், வழங்கப்பட்ட உரிமை வேறு. பயோடேட்டாவில் அதைப் பேட்டன்ட் என்று போட்டால், இந்தத் துறையில் நேர்காணல் செய்பவர் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் தளத்தில் எண்ணைத் தட்டி அங்கேயே பார்த்துவிடுவார்.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே இன்பாஸ் தளத்தில் பயோடெக்னாலஜியில் வழங்கப்பட்ட காப்புரிமை ஒன்றை எடுத்து, முதல் கிளெய்மை மட்டும் படித்து, எதையெல்லாம் அது தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். ஒரு மணி நேரத்தில் சலித்துப்போய் எழுந்துவிட்டால் பி.எட். பற்றிப் பேசுவோம். எழுதி முடித்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த மாதிரி நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளிடமே பேசுகிறேன்.