மின்வாய்க்குள் அயன் போகும் வழி: கேள்வி பதில்

லிதியம் அயன் மின்கலங்களைப் பற்றிக் கொழும்பு வாசகர்கள் கேட்டவை.

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: சேர், ஒரே இரசாயனம் கொண்ட இரு மின்கலங்களில் ஒன்று மட்டும் வேகமாக மின்னேறுவது எப்படி?

பொருள் ஒன்றுதான், மகள். அடுக்கப்பட்ட விதம் வேறு. மின்வாய் என்பது உலோகத் தாளின் மேல் தலைமயிர்ப் பருமனுக்குப் பூசிய பூச்சு. அதில் லிதியத்தை ஏற்கும் துணிக்கைகள், கரித்தூள், பசை ஆகியவை உண்டு. கனவளவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நுண்துளைகள். அவற்றை மின்பகுதிரவம் நிரப்பியிருக்கும். இலத்திரன் திண்மத்தின் வழியே வருகிறது, அயன், அதாவது மின்னேற்றம் கொண்ட லிதியம் அணு, திரவத்தின் வழியே வருகிறது. இரண்டும் ஒரே துணிக்கையில் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். மின்னேறும்போது லிதியத்தை ஏற்கும் மின்வாயான அனோட்டிலுள்ள காரீயச் (கிராபைட்) செதில்கள், பூச்சை உருளையால் அழுத்தும்போது தாளுக்குச் சமாந்தரமாகப் படுத்துவிடுகின்றன. அயன் ஒவ்வொரு செதிலையும் சுற்றிக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும். வேகம் குறைவது அங்கேதான்.

கொட்டாஞ்சேனை, மின்சார முச்சக்கர வண்டி ஓட்டுநர்: அப்படியானால் துளைகளைக் கூட்டினால் போதாதா, ஐயா?

கூட்டினால் லிதியம் ஏற்கும் பொருள் குறையும், தம்பி. உங்கள் வண்டி ஓடும் தூரமும் குறையும். தடிப்பாகப் பூசினால் தூரம் கூடும், மின்னேற்றம் மந்தமாகும். பூச்சில் லேசரால் நேரான துளைகள் இடும் முறையே எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. சிறிதளவு பொருளை இழந்து அயனுக்கு நேர்வழி பெறுகிறோம்.

தெகிவளை வாசகர்: வேகமாக மின்னேற்றினால் ஆயுள் குறையுமா?

அளவு மீறினால் குறையும். உள்ளே இறங்க முடியாத லிதியம் காரீயத்தின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். எதிர்ப்புற மின்வாயான, நிக்கல் மிகுந்த கதோட்டில் இன்னொரு சேதம்: அங்குள்ள துணிக்கை ஒவ்வொன்றும் நுண்மணிகளின் திரள். அவை விரிந்து சுருங்கும்போது மணிகளுக்கிடையே வெடிக்கின்றன. வெடிப்பில் திரவம் புகுந்து வேண்டாத பக்கத்தாக்கங்களைத் தொடக்குகிறது. திரளாக இல்லாமல் ஒரே மணியாக அமைந்த ஒற்றைப் பளிங்குத் துணிக்கைகளை நாடுவதற்கு இதுவே காரணம். கொழும்பு வெப்பம் பக்கத்தாக்கங்களை விரைவுபடுத்தும். முழுதாக மின்னேற்றிய வண்டியை வெயிலில் நிறுத்திவைக்காதீர்கள்.

அனோட்டில் சிலிக்கனைச் சேர்ப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மின்னேறும்போது காரீயம் சுமார் 10 சதவீதம் விரியும். சிலிக்கன் ஏறக்குறைய 300 சதவீதம். ஆகவே சிறிதளவே கலக்கிறார்கள்.

மருதானை வாசகர்: நமது போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் இதற்கு உதவுமா?

நிச்சயமாக உதவும். பாறை வெடிப்புகளில் நாளமாகப் படிந்த, தூய்மை மிக்க காரீயம் அது. ஆனால் தூய்மை மட்டும் போதாது. அரைத்து, உருண்டையாக்கி, மேலும் சுத்திகரித்து, கரிப்பூச்சும் இட வேண்டும். உருண்டைகள் செதில்களைப் போலப் படுத்துக்கொள்வதில்லை. அயனுக்கு வழி விடுகின்றன. அந்த உருண்டையாக்கும் தொழிலை இந்த நாட்டிலேயே வளர்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.