டைல்ஸை பேக்கவா, பணத்தை எடுத்து வைக்கவா?

கேள்வி: அம்மாவுக்கு 81 வயசு. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, நல்லவேளை வீக்கத்தோட போச்சு. டைல்ஸை பேத்துட்டு புதுசா போட கொத்தனார் 70 ஆயிரம் கேக்கறார். போடலாமா, இல்ல அந்த பணத்தை ஆஸ்பத்திரி செலவுக்குன்னு எடுத்து வைக்கலாமா? காப்பீட்டு அட்டைதான் இருக்கே, ரெண்டுமே எதுக்குங்கறான் தம்பி.
- வாசகி, கும்பகோணம்

பதில்: தம்பி பாதி சரி. 70 வயசு தாண்டினவங்களுக்குன்னு 2024ல மத்திய அரசு கொண்டு வந்த 5 லட்சமா இருக்கட்டும், நம்ம முதல்வர் காப்பீடா இருக்கட்டும், ஆஸ்பத்திரில படுத்தாத்தான் பணம் வரும், விழாம இருக்கறதுக்கு பத்து பைசா வராது. சரி, இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷனை அட்டையே பாத்துக்குதுன்னு வைங்க, வீட்டுக்கு வந்தப்புறம் டயப்பர், பகலுக்கு ஒரு ஆளு, ராத்திரிக்கு நீங்க, லீவு தீந்துட்டா சம்பளத்துல வேற பிடிப்பாங்க, இதையெல்லாம் யாரும் பில்லு போட்டு தர மாட்டாங்கம்மா, நம்மளாத்தான் கூட்டிப் பாக்கணும்.

அதுக்காக 70 ஆயிரமும் வேணாம். வழுக்காத மேட், உக்காந்து குளிக்க ஸ்டூல், கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி எரியற லைட்டு, செவுத்துல கைப்பிடி. கைப்பிடில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. எங்க அத்தை வீட்ல டவல் கம்பிதான் கைப்பிடி, ஒரு நாள் அதைப் பிடிச்சுட்டு எந்திரிச்சாங்க, ஸ்க்ரூவோட கம்பி கையில வந்துடுச்சு, மணிக்கட்டு போச்சு. ஆள் எடையைத் தாங்கற கம்பியா வாங்கி, செங்கல் வரைக்கும் ட்ரில் போட்டு மாட்டச் சொல்லுங்க.

மிச்சப் பணத்துல கொஞ்சம் அம்மா காலுக்குப் போடுங்க. நியூசிலாந்துல ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்காரங்க 1990கள்லயே ஒரு பயிற்சி கண்டுபிடிச்சாங்க, வாரத்துல 3 நாள் வீட்லயே காலுக்கு பலமும் பேலன்ஸும் வர்ற மாதிரி எக்சர்சைஸ், 2 நாள் நடை, அவ்ளோதான். விழறது 35 சதவீதம் கொறைஞ்சுது. செலவுக் கணக்கு பாத்தா 80 தாண்டினவங்களுக்குத்தான் லாபம் அதிகம், பயிற்சிக்கு ஆன செலவைவிட மிச்சமான ஆஸ்பத்திரி செலவு பெருசா இருந்துச்சு. உங்கம்மா அந்த வயசுதானே! நாற்காலிய பிடிச்சுட்டு குதிகாலைத் தூக்கி இறக்கறது, கை ஊணாம உக்காந்து எந்திரிக்கறது மாதிரி விஷயங்கள்தான், ஆனா முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் பாத்து எவ்ளோ செய்யலாம்னு சொல்லணும். 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து இலவசமா பிசியோதெரபி தர்றாங்க, அம்மாவுக்கு கிடைக்குமான்னு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அப்புறம், அம்மா தூக்க மாத்திரை போடறாங்களான்னு நீங்க எழுதவே இல்லையே? ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிக்கறப்ப தள்ளாட வைக்கறதுல அதுக்கு பெரிய பங்கு உண்டு. நீங்களா நிறுத்திடாதீங்க, எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட கொண்டு போய் எதைக் கொறைக்கலாம்னு கேளுங்க. கண்புரை இருக்கான்னும் பாத்துடுங்க, அரசு ஆஸ்பத்திரில ஆபரேஷன் இலவசம். கொத்தனார்கிட்ட கைப்பிடி மாட்ட மட்டும் வரச் சொல்லுங்க.