இறால் அலர்ஜி உள்ள அம்மாவுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பல வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்ததால் கான்ட்ராஸ்ட் (படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் மருந்து) ஊசி போட்டு சி.டி. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.3. இறால் சாப்பிட்டால் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அந்த ஊசியில் அயோடின் இருப்பதால் போடவே கூடாது, கிட்னியும் போய்விடும் என்கிறார்கள் உறவினர்கள். ஒப்புதல் படிவத்தில் 'உயிரிழப்பு' என்று வேறு போட்டிருக்கிறது. ஊசி போடாத பிளெய்ன் சி.டி. எடுத்தால் போதாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. சிறுநீரகக் கல், தலையில் ரத்தக்கசிவு போன்றவற்றுக்கு பிளெய்ன் சி.டி.யே போதும். கல்லீரல் கட்டிக்கு அப்படியில்லை. ஊசி போட்டு அரை நிமிடத்தில் ஒரு படம், ஒரு நிமிடம் தாண்டி ஒன்று, சில நிமிடங்கள் கழித்து இன்னொன்று எடுப்பார்கள். ஓரத்திலிருந்து மெதுவாக மருந்து நிரம்பினால், அது பெரும்பாலும் ஆபத்தில்லாத ரத்தக்குழாய்க் கட்டி. முதல் படத்தில் பளிச்சென்று தெரிந்து, அடுத்ததில் சுற்றியுள்ள கல்லீரலை விட மங்கிப்போனால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். ஊசி இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

இறால் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நம்பிக்கை சில மருத்துவர்களிடமே இன்னும் இருக்கிறது, உறவினர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இறாலில் அலர்ஜி தருவது அதன் தசையில் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதம். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாம் தினமும் அயோடின் உப்பு போட்டுத்தானே சமைக்கிறோம்! ஆஸ்துமாவோ, எந்த உணவு அலர்ஜியோ இருப்பவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல்தான். ஆனால் ஊசியை மறுக்கும் அளவுக்கு இல்லை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி: அம்மாவுக்கு இதற்கு முன் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஒத்துக்கொள்ளாமல் போனதா? ஆஞ்சியோகிராமில் போடுவதும் இதே வகை மருந்துதான், யோசித்துப் பாருங்கள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வேறு கான்ட்ராஸ்டுக்கு மாற்றலாம், முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கலாம், எம்.ஆர்.ஐ. பற்றியும் யோசிக்கலாம்.

படிவத்தில் உள்ள அந்த வார்த்தை பொய்யில்லை, ஆனால் மிக அரிது. ஜப்பானில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 1990-இல் வெளியான ஆய்வில், பழைய அயனி வகை மருந்துகளால் கடுமையான எதிர்வினை வந்தது 0.22 சதவீதம் பேருக்கு. அயனியல்லாத புதிய வகையில் 0.04 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் நான்கு பேர். இன்று சி.டி.க்கு நரம்பில் ஏற்றுவது இந்தப் புதிய வகைதான். கடுமையான எதிர்வினை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் ஸ்கேன் முடிந்தும் கையில் வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற நரம்பில் செருகிய சிறு குழாய்) வைத்தபடியே உட்காரச் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவசரப்படாதீர்கள். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் கழிந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். இது அலர்ஜி இல்லை, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அம்மாவிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பது, தடிப்பு வந்தால் மட்டும் உடனே குரல் கொடுக்க வேண்டும்.

அம்மா விஷயத்தில் நான் கவனிப்பது கிட்னியைத்தான். கிரியேட்டினின் 1.3 என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. அதே 1.3 இருக்கும் 25 வயது ஆணுக்கு, சிறுநீரகம் வடிகட்டும் திறனான ஈ.ஜி.எஃப்.ஆர். சுமார் 78 வரும். உங்கள் அம்மாவுக்குக் கணக்குப் போட்டால் 47 அளவில்தான் வருகிறது. கொஞ்சம் குறைவுதான், ஆனால் நாங்கள் உண்மையில் தயங்குவது 30-க்குக் கீழே போகும்போது. நரம்பில் போடும் கான்ட்ராஸ்டால் கிட்னி கெடுவது முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே நோயாக இருப்பவர்களுக்கு எப்படியும் ஏறியிருக்கக்கூடிய கிரியேட்டினினுக்கும் பழி ஊசி மேல் விழுந்திருக்கிறது. ரிப்போர்ட் பழையதாக இருந்தால் ஸ்கேனுக்கு முன் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். முதல் நாளிலிருந்து நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும் (இதய, கால் வீக்கப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்டு). மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அந்தச் சில நாட்கள் வேண்டாம்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி திடீரெனத் தடுமாறினால் அந்த மருந்து உடலில் தேங்கி ரத்தத்தில் அமிலம் கூடலாம், அதுதான் கவலை. ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்கு மேல் இருந்தால் நிறுத்தவே வேண்டாம் என்கிறது அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் அமைப்பின் வழிகாட்டி. அதே நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோ 30-க்கும் 60-க்கும் இடையில் இருப்பவர்கள் நிறுத்த வேண்டும் என்கிறது. அம்மா இந்த இடைவெளியில்தான் வருகிறார். என்னைக் கேட்டால், ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியேட்டினின் பார்த்துவிட்டுத் தொடரலாம். இரண்டு நாளில் சர்க்கரை தலைகீழாகிவிடாது. மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பிரச்சினை இருந்தால் அதையும் முன்பே சொல்லுங்கள். ஒரே ஊசியில் போகும் அயோடின் கிராம் கணக்கில் இருக்கும், நம் தினசரித் தேவையோ மைக்ரோகிராமில்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு வாரம் வரைக்கும்கூட அரிப்போ தடிப்போ வரலாம். வந்தால் மருத்துவரிடம் காட்டி, போட்ட மருந்தின் பெயரை ஸ்கேன் சென்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைலில் வெறுமனே 'அயோடின் அலர்ஜி' என்று எழுதிவிட்டால், அடுத்த முறை எதை மாற்றிப் போடுவது என்று யாருக்கும் தெரியாது.