காலி சைட்டில் திருட என்ன இருக்கிறது?

கேள்வி: தையல் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஒரு சைட் ஆரம்பித்தேன். ஃபைல்களை ஏற்றிவிட்டு, டேட்டாபேஸ் விவரம் கேட்கும் பக்கத்தோடு நிறுத்தி பத்து நாளாகிறது. "சீக்கிரம் முடி அக்கா, ஆபத்து" என்கிறான் தம்பி. ஒரு படம்கூடப் போடாத சைட். முகவரியை யாருக்கும் சொல்லவும் இல்லை. அப்படி என்ன போய்விடும்?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. நான் பட்டவன்.

சில வருடம் முன்பு மைத்துனரின் பாத்திரக் கடைக்கு ஒரு சைட் போட உட்கார்ந்தேன். நீங்கள் நிற்கும் அதே பக்கத்துக்கு வந்தபோது கரண்ட் போனது. சரி, காலையில் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன். காலையில் திறந்தால் செட்டப் பக்கத்தைக் காணோம், லாகின் கேட்கிறது. மைத்துனர்தான் முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். (வாட்ஸ்அப்பில் படம் அனுப்பவே அவருக்குப் பையன் வேண்டும். அது ஏனோ அப்போது தோன்றவில்லை.) டேட்டாபேஸ் விவரம் பதிவாகும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிபி ஹோஸ்ட் வரியில் லோக்கல்ஹோஸ்ட் (இதே சர்வர்) என்று இருக்க வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத ஓர் ஐபி எண்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கம் டேட்டாபேஸ் விவரம் கேட்கிறதே தவிர, கேட்கப்படுபவர் சைட்டின் சொந்தக்காரர்தானா என்று பார்ப்பதில்லை. டேட்டாபேஸ் உங்கள் சர்வரில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வந்தவன் எங்கோ இருக்கும் தன் டேட்டாபேஸின் விவரத்தைக் கொடுத்து, அட்மின் பாஸ்வேர்டையும் அவனே வைத்துக்கொள்வான். அட்மின் ஆகிவிட்டால் பிளகின் ஏற்றலாம். பிளகின் என்பது சைட்டோடு கூடுதலாகச் சேர்க்கும், பிஎச்பி மொழியில் எழுதிய நிரல். அது ஓடுவது உங்கள் ஹோஸ்டிங் கணக்கில். என் கணக்கில் வேறு மூன்று சைட்கள் இருந்தன. அவன் கை வைத்தது அவற்றில்தான். காலி சைட் அவனுக்கு வெறும் வாசல்படி.

முகவரியைச் சொல்லவில்லை என்கிறீர்கள். பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லாமல் இருக்க எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள், அல்லது ஹோஸ்டிங்காரர்களே போட்டிருப்பார்கள். இப்போதெல்லாம் சான்றிதழ் கொடுத்ததுமே அந்த டொமைன் பெயர் எவரும் படிக்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். கள்ளச் சான்றிதழைக் கண்டுபிடிக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்து, முடிக்காத செட்டப் பக்கங்களைப் பிடிக்கலாம் என்று 2017-இல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஹன்னோ பாக் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் விளக்கினார். அதே ஆண்டு, வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவின் 3.7.4 பதிப்பு வந்தபோது, டேட்டாபேஸ் வெளி சர்வரில் இருந்தால் சொந்தக்காரர் என்று நிரூபிக்க ஒரு ஃபைலை நீங்களே அழித்துக் காட்டச் சொல்லும் சோதனையைச் சேர்த்தார்கள். வேர்ட்பிரஸில் நம் ஜாக்கிரதைதான்.

இன்றே ஹோஸ்டிங் கணக்கின் ஃபைல் மேனேஜரில் டபிள்யூபி-கான்ஃபிக் இருக்கிறதா பாருங்கள். நீங்கள் போடாமலே அது இருந்தால் என் கதைதான்: அந்த சைட்டை மட்டும் அழித்துப் பயனில்லை, கணக்கு முழுவதையும் சுத்தம் செய்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். அந்த ஃபைலே இல்லையென்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் இருந்தால் டைரக்டரி பிரைவசியில் அந்த ஃபோல்டருக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டுவிட்டு, ஒரே மூச்சில் செட்டப்பை முடியுங்கள். டேட்டாபேஸ் விவரத்தைக் கொடுத்ததும் எழுந்துவிடாதீர்கள். அட்மின் பெயர் கேட்கும் அடுத்த பக்கமும் நிரப்பி முடிக்கும்வரை திறந்த வீடுதான்.

அப்புறம், 'டெஸ்ட்', 'நியூ' என்று செட்டப் முடிக்காத பழைய ஃபோல்டர் ஏதாவது கிடக்கிறதா என்று தம்பியைக் கேளுங்கள். என் கணக்கில் இரண்டு கிடந்தன.