மனைவியை அடிப்பவரைப் புரிந்துகொள்வது அவருக்கு வக்காலத்து வாங்குவதா?

உங்கள் அண்ணன் அண்ணியின் மீது கை நீட்டுகிறார், கவுன்சலிங்குக்கு அழைத்துச் சென்றால் திருந்துவாரா, அவரைப் புரிந்துகொள்ள முயல்வதே அவருக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தென் மாவட்டம் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் குடும்ப நல ஆலோசகராக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். சிலர் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆன காலம் அவர்களுடைய குடும்பத்தார் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்.

என் முன்னால் வந்து அமர்ந்த ஆண்களில் பெரும்பாலோர் முதலில் சொன்னது ஏறத்தாழ ஒன்றுதான்: “கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாதுங்க மேடம்.” தொடக்கத்தில் நானும் அதை நம்பி, கோபத்தை அடக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்த நம்பிக்கையைக் குலைத்தவர் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி. ஓராண்டுக்குள் வீட்டில் உடைந்த பொருள்கள் எவையெவை என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன். மனைவியின் கைப்பேசி இரண்டு முறை, மனைவி பிறந்த வீட்டிலிருந்து வந்த மிக்சி, மனைவி தைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த தையல் மெஷினின் மோட்டார் என்று அவரே விரல் விட்டு எண்ணினார். அவருடைய பைக்கில் ஒரு கீறல் இல்லை. அவர் கிரிக்கெட் பார்க்கும் டிவிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணும் மண்ணும் தெரியாத நேரத்தில் எது யாருடைய பொருள் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அடி விழுந்த இடங்களும் அப்படித்தான்: எல்லாம் ரவிக்கையும் புடவையும் மறைக்கும் இடங்கள். மோட்டார் உடைந்தது எப்போது என்று பின்னோக்கிப் பார்த்தால், அந்தப் பெண் தம் பெயரில் ஒரு சீட்டுக் கட்டத் தொடங்கிய அதே மாதம்.

இதைப் புரிந்துகொள்வது அவருக்கு வக்காலத்து வாங்குவதாகாது. அவர் ஒளிந்துகொண்டிருந்த காரணத்தை அவரிடமிருந்து பறித்துவிடும் வேலை அது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் எல்லன் பென்ஸ், மைக்கேல் பேமர் முதலியோர் அடிக்கும் ஆண்களுக்கான வகுப்புகளை உருவாக்கியபோது, அடிபட்ட பெண்கள் சொன்னவற்றைக் கேட்டுத்தான் ஒரு சக்கரப் படத்தை வரைந்தார்கள். அதன் நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும். ஆரக்கால்களாகப் பணத்தைப் பிடித்துவைத்தல், உறவினரிடமிருந்து பிரித்தல், பிள்ளைகளைக் காட்டி மிரட்டல், நடந்ததை மறுத்துப் பழியை அவள்மேல் போடுதல் போன்றவை. அடி என்பது சக்கரத்தின் விளிம்பு மட்டுமே. உலகின் பல நாடுகளில் பின்பற்றப்பட்டாலும், அந்த முறையால் விளைந்த மாற்றம் சிறிதளவே என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. எல்லா ஆண்களையும் அதிகார ஆசை என்ற ஒரே சட்டகத்துக்குள் அடைத்துவிட்டோம் என்று பென்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அங்கே நம்மிடம் இல்லாத ஒன்று இருந்தது. காவல்துறையும் நீதிமன்றமும் வகுப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. நீதிமன்றம் அனுப்பியவர் வகுப்புக்கு வராமல் இருந்தால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குடியைப் பற்றிக் கேட்பீர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் பெண்களில் 70 சதவீதம் பேர் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருந்தார்கள். குடிக்கவே குடிக்காத கணவர்களின் மனைவியரில் அது 23 சதவீதம். முதல் எண்ணைப் பார்த்து டாஸ்மாக்கை மூடச் சொல்பவர்கள் இரண்டாவது எண்ணைப் பார்ப்பதில்லை. போதை மறுவாழ்வு மையத்தில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்த ஒருவரைப் பற்றி அவர் மனைவி என்னிடம் சொன்னார்: “முன்னெல்லாம் தள்ளாடிக்கிட்டு அடிப்பாரு, குறி தப்பும். இப்போ தெளிவா அடிக்கிறாரு.” குடிக்குச் சிகிச்சை கட்டாயம் தேவை, ஆனால் அது வேறு சிகிச்சை. அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்ததும் இப்படித்தான். அது பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். அதே வீட்டில் வளர்ந்த தம்பி ஏன் அடிப்பதில்லை என்பதைச் சொல்லாது.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. 2006ஆம் ஆண்டின் விதிகளோ இன்னும் கூர்மையாகப் பேசுகின்றன: ஆலோசனையின்போது தாம் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்கக் கணவரை அனுமதிக்கக் கூடாது, அதை முன்கூட்டியே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். இவ்வளவு தெளிவான ஒரு வரியைச் சட்டப் புத்தகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. அது நடைமுறையில் இவ்வளவு மீறப்படுவதையும் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் போய் வந்த ஒரு காவல் நிலையத்தில் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, “ஒரு கை தட்டினா ஓசை வராதும்மா” என்று அறிவுரை கூறி, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெஞ்சில் அவள் வாய் திறந்து சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் இரவில் வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும். எனவே நான் கூட்டாக அமர்த்திப் பேசவே மாட்டேன்.

உங்கள் அண்ணனுக்கு வருகிறேன். அண்ணியின் பாதுகாப்பை முதலில் உறுதி செய்யுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணிலோ மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமோ அவர் விருப்பப்படி பேச உதவுங்கள். இனி வன்முறை கூடாது என்று நீதிமன்றம் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு என்பது அண்ணனுக்குத் தெரிந்திருக்கட்டும். எதையாவது இழக்க நேரும் என்று உணராமல் என்னிடம் தொடர்ந்து வந்தவர் எவரும் இல்லை. அவர் கண்ணீர் விடுவதையோ மாலை போட்டுக்கொள்வதையோ மாற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “அவ அப்படிப் பேசினதால” என்ற சொல் இல்லாமல் நடந்ததை முழுதாக அவர் சொல்கிறாரா, அண்ணி தம் கைப்பேசியை அவர் கண்முன்னே அச்சமின்றி வைத்துவிட்டுப் போகிறாரா என்று பாருங்கள். அவர் மாறிவிட்டார் என்று சொல்லும் உரிமை அண்ணிக்கு மட்டுமே உண்டு. உங்கள் அம்மாவுக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை.

லேத் பட்டறைக்காரர் பதினான்கு மாதம் வந்தார். ஏழாவது மாதத்தில்தான், “அவ கையில காசு இருந்தா என்ன விட்டுப் போயிடுவான்னு நினைச்சேன்” என்று சொன்னார். பிறகு அந்த மோட்டாரைத் தம் கையாலேயே சரிசெய்து மனைவியின் தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மனைவி அதை வாங்கிக்கொண்டார். இன்றும் அங்கேயே இருந்துதான் தைக்கிறார்.