ஜிம்னி போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நமீபியாவில் கூடாரம் போட்டுத் தங்கிச் சுற்றியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் மனைவியும் அடுத்த ஆண்டு இரண்டு வாரம் போவதாக இருக்கிறோம். விசாரித்த இடத்திலெல்லாம் டொயோட்டாவின் பெரிய வண்டிகளான ஹைலக்ஸ் எடு, லேண்ட் குரூசர் எடு, சுசுகி ஜிம்னி மணலில் திணறிவிடும் என்கிறார்கள். வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நீங்கள் போனது ஜிம்னியில்தான் என்று ஒரு வரி வருகிறது. அந்தக் குட்டி வண்டி உண்மையிலேயே தாங்கியதா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தாங்கியது. முதல் மூன்று நாள் அதைப் படாதபாடு படுத்தியது நான்தான்.

தலைநகர் விண்ட்ஹூக்கில் மூன்று கதவு வண்டியை எடுத்தோம். பின் இருக்கையை நிமிர்த்தி வைத்தால் சாமான் வைக்க 85 லிட்டர் இடம்தான். இரண்டு காய்கறிப் பையோடு சரி. மடக்கிவிட்டால் கொஞ்சம் தாராளம். இடம் இருக்கிறதே என்று குளிர்பெட்டி, அடுப்பு, மேஜை, நாற்காலி, விறகுக்கட்டு எல்லாவற்றையும் திணித்தேன். இந்த வண்டி ஆளோடு சேர்த்துச் சுமக்கக்கூடியது சுமார் 300 கிலோ. நாங்கள் இருவரே 145. தண்ணீர் 40, ஜெர்ரிகேன் பெட்ரோல் 15, குளிர்பெட்டி 35... மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அன்று நான் கூட்டிப் பார்க்கவில்லை.

அதன் பலனைச் சரளைச் சாலையில் அனுபவித்தேன். அங்கே சி, டி என்று எண் போட்ட சாலைகள் பெரும்பாலும் சரளைதான். மேற்பரப்பு கொட்டகைத் தகரம் மாதிரி அலை அலையாக இருக்கும். ஜிம்னியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,250 மில்லிமீட்டர்தான். பின்பக்கம் பாரத்தில் அமுங்கியிருந்தால் வளைவில் வால் தனியாகப் போகப் பார்க்கும். ஒருமுறை அப்படிப் போயேவிட்டது. கவிழவில்லை, ஆனால் அதற்கப்புறம் 60 கிலோமீட்டர் வேகத்தை நான் தாண்டவில்லை. சுற்றுலாப் பயணிகள் அங்கே விபத்தில் சிக்குவது சிங்கத்தால் அல்ல, இந்தச் சரளையால்தான்.

செஸ்ரியம் முகாமில் மேஜை, நாற்காலி, விறகு மூன்றையும் பக்கத்துக் கூடாரத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். விறகு முகாமிலேயே கிடைக்கிறது, அதைப் போய்ச் சுமந்து வந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட மணலுக்கு வருகிறேன். செஸ்ரியத்திலிருந்து மணல்மேடுகள் சூழ்ந்த சொசுஸ்வ்லை போகும் வழியில் முதல் 60 கிலோமீட்டர் தார்ச்சாலை. கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மட்டும். ஐந்துதானே என்று டயரில் 26 பி.எஸ்.ஐ. காற்றோடு இறங்கினேன். ஒரு கிலோமீட்டர் தாண்டவில்லை, என்ஜின் உறுமுகிறது, சக்கரம் கீழே கீழே தோண்டிக்கொண்டே போகிறது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கி, நான்கு டயரிலும் 15 வரை காற்றை இறக்கினேன். அப்புறம் 4எல் என்ற மெதுவேக நான்கு சக்கர கியரைப் போட்டு, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுத்தேன். 4எல் போட்டால் இ.எஸ்.பி., அதாவது சக்கரம் வழுக்கினால் என்ஜின் விசையைக் குறைக்கும் ஏற்பாடு, தானாக அணைந்துவிடும். 102 குதிரைத்திறனை அதுவும் பாதியில் வெட்டினால் மணலில் நகரவே முடியாது. மறுபடி முன்னால் போனபோது வண்டி மணல்மேல் மிதந்தது என்றே சொல்லலாம். பாரம் குறைந்த ஜிம்னிக்கு எடை ஆயிரத்துச் சொச்சம் கிலோதான். சற்றுத் தள்ளி, கூரையில் கூடாரம் கட்டிய பெரிய பிக்கப் ஒன்றை நான்கு பேர் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் அற்ப சந்தோஷம் வந்தது உண்மை.

சின்ன வண்டியின் மோசமான பக்கத்தை வடமேற்கே பூரோஸ் பக்கம் பார்த்தேன். அங்கே தடங்கள் பெரிய வண்டிகள் ஓடி ஓடி உண்டானவை. ஜிம்னியின் அகலம் அவற்றுக்குப் பொருந்தாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் ஓடினால் இன்னொன்று நடுமேட்டில் ஏறும். நாள் முழுக்க ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. பெட்ரோல் டேங்க்கும் 40 லிட்டர்தான். சரளையில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தது வறண்ட ஆற்றுப்படுகையில் 9 ஆனது. அதனால் ஜெர்ரிகேன் இல்லாமல் கிளம்பாதீர்கள். அதை வண்டிக்குள் வைத்தால் வாடை தாங்காது, ஆபத்தும்கூட. கூரையில் வைக்க வேண்டும். கூரை தாங்குவதோ 30 கிலோ. ஆகவே கூரைக் கூடாரத்தை மறந்துவிடுங்கள், தரையில்தான் படுக்கை. செருப்பை மட்டும் வெளியே விடாதீர்கள். என்னுடைய இடது செருப்பைச் செஸ்ரியத்தில் ஒரு நரி கொண்டுபோய்விட்டது.

சொசுஸ்வ்லை, டமாராலாண்டு, எட்டோஷா வனவிலங்குப் பூங்கா என்று இரண்டு பேர் போவதாக இருந்தால் ஜிம்னியே எடுங்கள். எட்டோஷாவின் முக்கியச் சாலைகளுக்குச் சாதாரணக் காரே போதும். எல்லை தாண்டி போட்ஸ்வானாவின் மத்திய கலகாரிக்குள் நாலைந்து நாள் தண்ணீர், பெட்ரோல் எல்லாம் சுமந்து போவதென்றால் ஹைலக்ஸ்தான், அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். ஐந்து கதவு ஜிம்னி கிடைத்தால் சாமானுக்கு நல்லது. நம் குருகிராமில் செய்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறுவது அதுதான்.

இன்னொன்று. காற்றடிக்கும் கம்ப்ரெசரைக் கிளம்புமுன் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். எனக்குக் கொடுத்ததில் ஃபியூஸ் போயிருந்தது. சொசுஸ்வ்லையிலிருந்து அந்த 60 கிலோமீட்டரையும் 15 பி.எஸ்.ஐ. டயரோடு 40 வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து, செஸ்ரியம் பெட்ரோல் பங்கில்தான் காற்று பிடித்தேன்.